தாழ்த் துப்பாக்கியும் தொலைதூர வேட்டையும்

கதவுக்குத் தாழிடும் வழக்கம் மனிதனுக்கு மிகப் பழையது. இரும்புக் கோல் ஒன்றை முன்னே தள்ளி, அதன் பிடியைக் கீழே மடக்கிவிட்டால், வெளியே நிற்பவன் எத்துணை வலியோடு தள்ளினாலும் கதவு திறவாது. இந்த எளிய உபாயத்தைத் துப்பாக்கிக் குழலின் பின்வாயிலுக்குப் பொருத்தி வெற்றி கண்டவர், ஜேர்மனியிலுள்ள சொம்மர்டா என்னும் சிற்றூரில் 1787ஆம் ஆண்டு பிறந்த யோஹான் நிக்கொலாஸ் ட்றைசே. அவர் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன்; தாமும் அத்தொழிலையே கற்றவர். பூட்டுப் பட்டறையிலே பழகிய கைகளிலிருந்து இக்கருவி பிறந்தமை வியப்பன்று.

இக்காலத்திலே தொலைதூர வேட்டைக்கென்று ஒரு றைபிளைத் தெரிவு செய்ய விரும்பும் ஒருவர் எந்த நாட்டுக் கடைக்குச் சென்றாலும், அவர் முன் எடுத்து வைக்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை அத்தாழ்த் துப்பாக்கியின் வழித்தோன்றல்களே. இரட்டைக் குழலும், நெம்புகோல் அமைப்பும், தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அமைப்பும் இருக்கவும், வேட்டைக்காரர் ஏன் இந்தப் பழைய தாழையே நாடினர்? அவர்கள் எதை வைத்து ஒன்றைக் கொண்டனர், ஒன்றைத் தள்ளினர்? இதற்கு விடை காண ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

தாழ்த் துப்பாக்கி வருமுன்னர் வேட்டை எவ்வாறு நடைபெற்றது என்பதற்கு இலங்கையே தக்க சான்றாகும். 1840களிலே இத்தீவுக்கு வந்து நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், தம் வேட்டைகளைப் பற்றி 1854ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்துத் துப்பாக்கிக்கு வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கோலாற் குத்தி இறுக்கவேண்டும். ஒருமுறை சுட்டபின் மறுபடி நிரப்புவதற்குள் யானை ஆளை மிதித்துவிடும். ஆகையால், நிரப்பிய துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் பின்னே நிற்பார்கள். குண்டோ பருத்தது, வேகமோ குறைந்தது. எனவே, யானையின் கண்ணிமை தெரியும் அண்மைக்குச் சென்றே சுடுவது வழக்கமாயிருந்தது.

பேக்கருக்கு முன்னரே இங்கு வேட்டையாடிய மேஜர் றொஜேர்ஸ் என்பவர் 1,400 யானைகள் வரை கொன்றார் என்று கூறுவர். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையிலே இடி விழுந்து அவர் மாண்டார். அக்காலத்திலே யானையைக் கொல்வோருக்கு அரசாங்கம் வெகுமதியும் கொடுத்தது. ஆகவே, பழைய துப்பாக்கி விலங்குகளுக்கு இரக்கம் காட்டிற்று என்று எவரும் எண்ணலாகாது. அது வேட்டைக்காரனை அருகே வரச் செய்தது, அவ்வளவே.

ட்றைசேயின் துப்பாக்கியைப் பிரசிய அரசு 1841ஆம் ஆண்டு தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. தாழைத் திறந்து, காகிதத் தோட்டாவை இட்டு, தாழை மூடி, விசையை இழுத்தால், நீண்ட ஊசி ஒன்று காகிதத்தையும் மருந்தையும் துளைத்துச் சென்று தீ மூட்டும். 1866ஆம் ஆண்டு யூலை 3ஆம் திகதி கொனிக்கிறாட்ஸ் போர்க்களத்திலே அதன் பயனை ஐரோப்பா கண்டது. ஒஸ்திரியப் போர்வீரன் குழல்வாய் வழியே மருந்திட எழுந்து நிற்கவேண்டியிருந்தது. பிரசியனோ தரையிற் படுத்தபடியே தாழைத் திறந்து மூடிச் சுட்டுக்கொண்டிருந்தான். அத்துப்பாக்கிக்குக் குறையும் இருந்தது. தாழின் இடைவெளியால் வெப்பவாயு கசிந்து சுடுபவன் முகத்திலடிக்கும். நுண்ணிய ஊசியும் அடிக்கடி முறியும்.

இக்குறைகளை நீக்கியவர்கள் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஒபேர்ண்டோர்வ் என்னும் ஊரைச் சேர்ந்த மௌசர் சகோதரர்கள். அவர்கள் தந்தை வூர்ட்டம்பேர்க் மன்னரின் ஆயுதத் தொழிற்சாலையிலே வேலை செய்தவர். தமையன் வில்ஹெல்ம் வணிகத்திலே கெட்டிக்காரர்; தம்பி பீட்டர் போல் கைவினையிலே மேதை. பதின்மூன்று பிள்ளைகளுள் இளையவராகிய இந்தப் பீட்டர் போல் மௌசரே இவ்வரலாற்றின் நாயகர். காகிதத் தோட்டாவுக்குப் பதிலாகப் பித்தளைத் தோட்டாவை ஏற்கும் அவரது முதற் பெருந்துப்பாக்கி 1871ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியது. பித்தளை, வெடிக்கும்போது விரிந்து குழற்சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; ஆகவே வாயு பின்னே கசியாது.

எனினும், தூரத்தை வென்றது தாழ் மட்டுமன்று, மருந்தும் ஆகும். 1884ஆம் ஆண்டிலே போல் வியேய் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி புகையில்லா வெடிமருந்தை ஆக்கினார். இரண்டாண்டு கழித்து அம்மருந்தைக் கொண்ட லெபேல் துப்பாக்கியைப் பிரான்சு தன் படைக்குக் கொடுத்தது. பழைய கருமருந்து சுட்டவுடனே வெண்புகை மண்டிச் சுட்டவனையே குருடாக்கும், குழலையும் அழுக்காக்கும், குண்டுக்கு அது கொடுத்த வேகமும் நொடிக்கு 1,300, 1,400 அடியளவிலேயே நின்றது. புதிய மருந்தாலே குண்டின் பருமனைக் குறைத்து, வேகத்தை 2,000 அடிக்கும் மேலாக்க முடிந்தது.

இவ்வேகத்தின் பொருள் யாது? குழலை விட்டுப் புறப்பட்ட கணமே குண்டு நிலத்தை நோக்கி விழத் தொடங்குகிறது. மாங்காய் காம்பறுந்து விழுவது எவ்விதியாலோ, அவ்விதியாலேதான் அதுவும் விழுகிறது. அரை விநாடியில் நான்கடி; ஒரு விநாடியிற் பதினாறடி. எனவே, இலக்கை எவ்வளவு விரைவாக அடைகிறதோ அவ்வளவு குறைவாக அது தாழும். கருமருந்துக் காலத்துப் பெருங்குண்டு 300 யார் செல்வதற்குள் ஏறக்குறைய பத்தடி தாழ்ந்துவிடும். தூரத்தை ஐம்பது யார் பிசகி மதித்தாலும் குறி முற்றாகத் தவறும். அல்லது, அதனினும் கொடியதாக, விலங்கின் காலையோ குடலையோ தாக்கும். நொடிக்கு 2,800 அடி வேகமுள்ள குண்டு அதே தூரத்தில் இரண்டடியளவே தாழும். ஆதலின், தூரத்தைச் சற்றே பிழையாக மதித்தாலும் குண்டு நெஞ்சறையிலேயே படும்.

மௌசர் இப்புதிய மருந்துக்கு ஏற்பத் தம் துப்பாக்கியைப் படிப்படியாகத் திருத்தினார். 1893ஆம் ஆண்டு ஸ்பானியப் படைக்கென அவர் செய்த 7 மில்லிமீற்றர் துப்பாக்கியிலே ஐந்து தோட்டாக்கள் கட்டைக்குள்ளேயே மறைந்து இருவரிசையாக அடங்கின. நகம் போன்ற பெருங்கொக்கி ஒன்று, தோட்டா பெட்டியிலிருந்து எழும்போதே அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு குழலுள்ளே கொண்டுசெல்லும். சுட்டபின் வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறியும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா நழுவாது. 1898ஆம் ஆண்டு ஜேர்மன் படைக்குச் செய்த வடிவம் இவை யாவற்றினதும் முடிமணியாயிற்று. தாழின் முன்னே இரு காதுகள் பூட்டிக்கொள்ளும்; அவை முறிந்தாலும் பின்னே மூன்றாவது காது காக்கும்; தோட்டா வெடித்துக் கிழிந்தால் வாயு வெளியேறத் துளைகளும் வைக்கப்பட்டன.  அமெரிக்கா தனது 1903ஆம் ஆண்டு ஸ்பிறிங்பீல்ட் துப்பாக்கியை இதனைப் பின்பற்றியே செய்தது; அதற்காக மௌசர் கம்பனிக்கு உரிமைப் பணமும் செலுத்த நேர்ந்தது.

படைக்குச் செய்த ஆயுதம் வேட்டைக்காரன் கைக்கு வந்த வழி தென்னாபிரிக்காவாகும். 1896ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஜேம்சனின் படையெடுப்பு முறியடிக்கப்பட்டதும், திறான்ஸ்வால் சனாதிபதி குறூகர் போர் வருமென்றுணர்ந்து முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட 7 மில்லிமீற்றர் மௌசர்களை வரவழைத்தார். அவற்றைப் பெற்ற போயர்கள் சம்பளப் படைஞர் அல்லர்; குடியானவர்கள். மரமற்ற பெருவெளியிலே மான் வேட்டையாடி வளர்ந்தவர்கள். வெயிலிலே கானல் நடுங்கும்போது தூரத்தை எவ்வாறு மதிப்பது, காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பவற்றை அவர்கள் சிறுபிராயத்திலேயே கற்றிருந்தனர். 1899ஆம் ஆண்டு டிசெம்பரிலே மாகேர்ஸ்பொன்டெயினிலும் கொலென்சோவிலும் பிரித்தானியப் படை கண்டது இதுவே: சுடுபவன் எங்கே என்று தெரியவில்லை, புகையில்லை, ஆயினும் வீரர் வீழ்கின்றனர். சுடும் பயிற்சியிலே பிரித்தானியர் பிற்காலத்திற் கொண்ட பேரக்கறைக்கு இப்போரே காரணமாயிற்று.

போர் முடிந்ததும் அதே 7 மில்லிமீற்றர் தோட்டா வேறொரு கதையைத் தொடங்கியது. இலண்டனிலுள்ள ஜோன் ரிக்பி கம்பனி மௌசரின் முகவராக இருந்தது. ஒபேர்ண்டோர்விலிருந்து வந்த தாழமைப்புக்குத் தம் குழலையும் வாதுமைக் கட்டையையும் பொருத்தி, அளவை ஆங்கில முறைப்படி .275 என்று கூறி விற்றனர். இதனைக் கொண்டு ஆபிரிக்காவில் வேட்டையாடினார் டபிள்யூ. டீ. எம். பெல் என்னும் ஸ்கொத்லாந்தர். 1880ஆம் ஆண்டு பிறந்த இவர், வாழ்நாளிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார்; அவற்றுட் பெரும்பாலானவை இச்சிறு குண்டுக்கே வீழ்ந்தன. அந்நாளிலே யானைக்கெனப் பெருவேடர் எடுத்துச் சென்ற இரட்டைக்குழல் றைபிளின் குண்டு இதனைப்போல் மும்மடங்கு எடை கொண்டது.

பெல்லின் வெற்றிக்குக் காரணம் குண்டன்று, அறிவு. அவர் யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்து, மூளை எவ்விடத்திலே, எக்கோணத்திலே கிடக்கிறது என்று ஆராய்ந்தார். முழுவதும் உலோகம் போர்த்த நீண்ட குண்டு நேராகச் சென்று மூளையை அடைந்தால் யானை நின்ற இடத்திலேயே முழந்தாளிடும். ஓரம்பாலே யானை முதல் உடும்பு வரை ஐந்துயிரை ஊடுருவினான் என்று புறநானூறு வல்வில் ஓரியைப் புகழ்கிறது. குண்டின் ஊடுருவலை நம்பிய பெல்லுக்கு அச்செய்தி வியப்பாக இராது. ஆனால், பெல்லைப் பார்த்துச் சிறு துப்பாக்கியோடு யானைமுன் சென்ற வேறு சிலர் திரும்பி வரவில்லை. ஆகவே ரிக்பி கம்பனியே 1911ஆம் ஆண்டு, மௌசர் தாழமைப்பைப் பெரிதாக்கி, .416 என்னும் பெருந்தோட்டாவை வெளியிட்டது. ஒருவருக்குப் பொருந்திய துப்பாக்கி இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதைத் தொழில் செய்வோர் அறிந்தே இருந்தனர்.

இதே காலத்தில் மலைகளிலும் தெரிவு நடைபெற்றது. அல்ப்ஸ் மலையின் சமொய் மானும், றொக்கி மலையின் பெருங்கொம்புச் செம்மறியும் மனிதனை அண்ட விடுவதில்லை. பாறைக்குப் பாறை பள்ளத்தாக்கு கிடக்கும். அங்கே 200, 300 யாருக்கப்பால் நின்று சுடுவதைத் தவிர வழியில்லாத சமயங்கள் உண்டு. ஒஸ்திரியாவின் மன்லிக்கரும் ஷொனவரும் சேர்ந்து செய்த 1903ஆம் ஆண்டு றைபிள் இவ்வேடரின் உள்ளத்தைக் கவர்ந்தது. தோட்டாக்கள் உருளை ஒன்றிலே சுழன்று வரும். தாழோ எண்ணெயிலே மிதப்பதுபோல் ஓடும். 6.5 மில்லிமீற்றர் பருமனுள்ள அதன் குண்டு மெலிந்து மிக நீண்டிருந்தமையால் காற்றை எளிதிற் கிழித்தது. நீண்ட குண்டு தள்ளாடாமற் செல்லவேண்டுமாயின் அது மிக விரைவாகச் சுழலவேண்டும். அதற்காகக் குழலின் உட்புரி நெருக்கமாக வெட்டப்பட்டிருந்தது. குண்டின் நீளத்துக்கேற்ற புரி வேண்டும் என்னும் இவ்வுண்மையை அறியாது துப்பாக்கி வாங்குவோர் இன்றும் ஏமாறுகின்றனர்.

குண்டின் மூக்கும் மாறிற்று. பழைய குண்டு பெருவிரல் நுனிபோல் மழுங்கியிருந்தது. 1898ஆம் ஆண்டு பிரான்சும், 1905ஆம் ஆண்டளவில் ஜேர்மனியும் கூர்மூக்குக் குண்டைக் கொண்டன. 1906ஆம் ஆண்டிலே அமெரிக்கா அதனை ஏற்றுத் தன் ஸ்பிறிங்பீல்டுக்குப் புதிய தோட்டாவை அமைத்தது. அதுவே ".30-06" என்று உலகம் அறிந்த தோட்டா. சனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய தியோடோர் றூஸ்வெல்ட் 1909ஆம் ஆண்டு ஆபிரிக்க வேட்டைக்குச் சென்றபோது அதனைச் சுடும் ஸ்பிறிங்பீல்ட் ஒன்றை உடன் கொண்டு சென்றார். முதலாம் உலகப்போருக்குப் பின்னர் இலட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர் தாழ்த் துப்பாக்கியிலே பழகி ஊர் திரும்பினர். அதுவரை நெம்புகோல் துப்பாக்கியையே விரும்பிய அந்நாட்டு வேடர் தாழுக்கு மாறியமைக்கு இதுவே பெருங்காரணம்.

1925ஆம் ஆண்டு வின்செஸ்டர் கம்பனி .30-06 தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி .270 என்னும் தோட்டாவை வெளியிட்டது. 130 கிரெயின் குண்டு நொடிக்கு 3,000 அடிக்கு மேல் பாய்ந்தது. அதே ஆண்டிலே இலண்டனின் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் கம்பனியும் .300 பெருந்தோட்டாவை அளித்தது. பத்தாண்டு கழித்து, 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவின் காம்ப் பெரியிலே நடந்த ஆயிரம் யார்ப் போட்டியில் அத்தோட்டாவே வெற்றி பெற்றது. தொடர்ந்து வின்செஸ்டரின் 70ஆம் இலக்க றைபிள் 1930களின் பிற்பகுதியிலே சந்தைக்கு வந்தது. மௌசரின் நகக்கொக்கியை வைத்துக்கொண்டே, மென்மையான விசையையும் தொலைநோக்கிக்கு இடங்கொடுக்கும் தாழ்ப்பிடியையும் அது சேர்த்துக் கொண்டது.

இத்தொலைநோக்கியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மௌசரின் படைத்துப்பாக்கியிலே தாழ்ப்பிடி பக்கவாட்டில் நேராக நீண்டிருக்கும். தூக்கினால் மேலே நிற்கும். குழலின்மீது தொலைநோக்கி பூட்டினாலோ பிடி அதிலே இடிக்கும். காப்புச் சிறகும் அவ்வாறே இடிக்கும். ஆகவே, இரு உலகப்போர்களின் பின் மலிந்து கிடந்த மௌசர்களை வாங்கி வேட்டைக்கு மாற்றியவர்கள் முதலிற் செய்த வேலை, அப்பிடியை வளைத்துத் தாழ்த்தியதாகும். முற்காலத் தொலைநோக்கியின் உள்ளே மழைநாளிலே ஆவி படியும். குறி பார்க்கும் வேளையில் வேடன் கண்டது வெண்திரையே. 1940களிலே அமெரிக்காவின் லியூபோல்ட் கம்பனி குழாயினுள் நைதரசன் வாயுவை நிரப்பி இக்குறையைத் தீர்த்தது. அதன்பின்னரே தொலைநோக்கியை மனிதர் முழுதும் நம்பினர்.

தெரிவைப் பற்றி அமெரிக்கச் சஞ்சிகைகளிலே நீண்ட வாதம் ஒன்று நிகழ்ந்தது. "அவுட்டோர் லைவ்" இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர் ஜாக் ஓகொனர் .270 தோட்டாவின் புகழைப் பல்லாண்டு பாடினார். விரைந்த சிறுகுண்டு, சிறிய பின்னுதைப்பு, தக்க இடத்திலே படும் குறி: இவை போதும் என்பது அவர் கட்சி. ஐடஹோ மாநிலத்தவரான எல்மர் கீத் அதை மறுத்தார். காற்று சுழலும் மலையிலே, பெருமான் பக்கவாட்டில் நில்லாது முதுகு காட்டி நிற்கும்போது, பருத்த கனத்த குண்டே எலும்பை முறித்து உள்ளே செல்லும் என்றார் அவர். இருவரும் தேர்ந்த வேடர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், ஓகொனரின் பக்கமே அதிக நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. தோளிலே உதைக்கும் துப்பாக்கியைக் கண்டு உள்ளூர அஞ்சுபவன் விசையை இழுக்கும் கணத்திற் கண்ணை மூடிவிடுகிறான். அவ்வாறு மூடியவன் கையிலே பெருந்தோட்டாவும் பயனற்றது.

தேர்ந்தெடுப்போர் துப்பாக்கியின் எடையையும் எண்ணினர். எட்டு இறாத்தல் றைபிள் மலையேறுவோனுக்குப் பாரம். ஆனால் மிக இலேசானது கையிலே நில்லாது நடுங்கும். குழல் நீண்டால் வேகம் சற்றுக் கூடும். புதரிலே சிக்கவும் செய்யும். படைத்துப்பாக்கியின் 29 அங்குலக் குழலை வேட்டைக்காக 22, 24 அங்குலமாகக் குறைத்தது இதனாலேயே. மரக்கட்டை ஈரத்திலே ஊதும். ஊதினால் குழலை ஒருபக்கம் நெருக்கும். கடைத்தெருவிலே சரியாயிருந்த குறி காட்டிலே விலகும். பிற்காலத்தார் செயற்கைப் பொருளாலே கட்டை செய்தமைக்கு இதுவே காரணம். கண்ணுக்கு அது அழகில்லை. மழைக்கு அது அசையாது.

1964ஆம் ஆண்டு வின்செஸ்டர் கம்பனி செலவைக் குறைக்க எண்ணித் தன் 70ஆம் இலக்க றைபிளின் நகக்கொக்கியை நீக்கியது. ஈராண்டுக்கு முன், 1962ஆம் ஆண்டிலே, றெமிங்டன் கம்பனி வெளியிட்ட 700ஆம் இலக்க றைபிளும் அக்கொக்கி இல்லாததே; அது நன்றாகவே சுட்டது, நன்றாகவே விற்றது. மானை மட்டும் வேட்டையாடுவோனுக்கு இதனால் நட்டமில்லை. ஆனால், திருப்பித் தாக்கும் விலங்கின்முன் அவசரத்திலே தாழை இழுப்பவனுக்கு, தோட்டாவை விடாது பற்றும் கொக்கியே உயிர்க்காப்பு. வேடர் முறையிட்டனர், 1964க்கு முந்திய றைபிள்களுக்குப் பழஞ்சந்தையிலே விலை ஏறிற்று. பல ஆண்டு கழித்து, அந்தக் கொக்கியை வின்செஸ்டர் மீண்டும் சேர்க்க நேர்ந்தது. 1890களிலே ஒபேர்ண்டோர்வ் பட்டறையிலே உருவான ஒரு சிறு இரும்புத் துண்டு, நூறாண்டின் பின்னும் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது.

இனித் தூரம் எங்கே முடியவேண்டும் என்பது கேள்வி. லேசர்க் கதிரால் யார்க் கணக்கிலே தூரம் அளக்கும் கருவியும், காற்றையும் வெப்பத்தையும் கணிக்கும் கருவியும் வந்தபின், 600, 800 யாருக்கப்பால் விலங்கைச் சுடுவோர் தோன்றினர். ஈர்ப்பினாலாகும் வீழ்ச்சியைக் கருவி கணித்துவிடும். காற்றோ அத்துணை பணிவுள்ளதன்று. தூரம் இருமடங்கானால் அது குண்டைத் தள்ளுவது ஏறக்குறைய நான்மடங்காகும். இவை இரண்டையும் வென்றாலும் மூன்றாவது ஒன்றுண்டு. 500 யார் செல்லக் குண்டுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். புல் மேயும் மான் அந்த அரை விநாடியிலே நடையெடுத்தால் இரண்டடி நகர்ந்துவிடும். நெஞ்சுக்கு வைத்த குண்டு வயிற்றிலே பாயும். அவ்வாறு தாக்குண்ட விலங்கு உடனே விழுவதில்லை. புதருட் சென்று பல மணிநேரம், சிலவேளை நாட்கணக்கில், துடித்து இறக்கும். 800 யாருக்கு இப்பால் நிற்பவன் அது விழுந்த இடத்தையோ, குருதிச் சுவட்டையோ எளிதிற் காணமாட்டான். 1887ஆம் ஆண்டு றூஸ்வெல்ட் முதலியோர் நிறுவிய பூன் அன்ட் குறொக்கற் கழகம், இத்தகைய தொலைச்சூட்டை நேர்மையான வேட்டையாகக் கருதுவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

குமாவுன் மலைநாட்டின் ஜிம் கோர்பெற்றும் ஒரு .275 ரிக்பி றைபிளுக்கு உரியவர். 1907ஆம் ஆண்டு சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியை ஒழித்தமைக்காக, ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் அவருக்கு அதனைப் பரிசளித்தார். தொலைதூரம் சுடவல்ல அத்துப்பாக்கியை, 1926ஆம் ஆண்டு உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை முடித்த இரவிலே, ஒரு மாமரத்தின்மீதிருந்து மிகச் சமீபத்திலே சுடவே அவர் பயன்படுத்தினார். பின்னாளிலே அவர் நாட்டம் நிழற்படக் கருவியின்பாற் சென்றது.

போயர்களின் கதையிலே இலங்கைக்கு உரிய ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. 1900ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஐயாயிரம் போயர் கைதிகள் கப்பலேற்றி இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். தியத்தலாவையின் புல்மேடுகளிலே தகரக் கொட்டகைகளுள் அவர்கள் அடைபட்டிருந்தனர். போர் முடிந்ததும் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் தாய்நாடு திரும்பினர். எங்கெல்பிறெக்ற் என்பவர் அப்பிரமாணத்தைச் செய்ய மறுத்தார். ஆகவே திரும்ப முடியாது இங்கேயே தங்கினார். அவர் கைக்கு வந்த உத்தியோகம், அம்பாந்தோட்டைப் பகுதியில் 1900ஆம் ஆண்டு விலங்குக் காப்பிடமாகப் பிரகடனம் செய்யப்பட்ட யால வனத்தின் காவலாகும். பெருவெளியிலே வேட்டையோடு வளர்ந்த மக்களுள் ஒருவர், வேட்டைக்காரரிடமிருந்து மரையையும் மானையும் காக்கும் முதற் காவலரானார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்வ் தம் சுயசரிதையிலே இவரைப்பற்றி எழுதியிருக்கிறார்.

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப்போர் மூண்டபோது ஜேர்மன் கப்பலாகிய எம்டன் இந்து சமுத்திரத்திலே உலாவியது. அக்கப்பலுக்குக் காட்டெருமை இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்திலே எங்கெல்பிறெக்ற் சிறையிடப்பட்டார். அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்பது பின்னரே தெரியவந்தது. 1922ஆம் ஆண்டு அவர் இறந்தார். யால தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது 1938ஆம் ஆண்டிலே; அப்போது அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.